குடத்தில் வந்த வீக்கம்

மேலச்சுரைக்குடிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்? நெல் காயும்வரை களத்தைவிட்டு நகராதே என்று அந்த ஊர் ஆள் ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள். மழை கொட்டினாலும் நகர மாட்டான். நெல் முளைத்துப் பயிராகி நிற்கும். அவனும் பக்கத்திலேயே நிற்பான். இப்படிப்பட்ட விசுவாசிகளைப் பார்த்து ஊர் உலகம் சிரிக்கிறது. சிரிக்கட்டும். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஊரில் வெள்ளைக்கண்ணு என்று ஓர் இளவட்டம். பழனிக்கு மொட்டை போடப் போனவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காவடி வாடகைக்கு விடும் கடையில் ஒரு காவடி எடுத்தான். எடுத்துக் கொடுத்தது கடைக்காரர் வீரமலையின் மகள் பொன்னாத்தா. மலையேறி இறங்கிக் காவடியைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்த கையோடு அதே காவடியை மறுபடியும் வாடகைக்குக் கேட்டான். பொழுது சாயும்வரை இப்படியே மலைக்கும் கடைக்குமாக ஏறி இறங்கினான். முருகனுக்கே அலுத்துப் போயிருக்கும்.

பொன்னாத்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். "போதும், சாமியைத் தொந்தரவு பண்ணாதீங்க. பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து அப்பாகிட்டப் பேசுங்க" என்றாள். மறுவாரமே ஊரில் தலை நரைத்த அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கிவிட்டான் வெள்ளைக்கண்ணு.

வீரமலை சுலபத்தில் யாரையும் நம்பாத மனுஷன். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. தினமும் கடையில் உட்கார்ந்துகொண்டு அவர் பார்க்கிற காட்சி அப்படி. பஸ்ஸைவிட்டு இறங்குவார்கள். குழாயடியில் காலில் கொஞ்சம் சேற்றைப் பூசிக்கொள்வார்கள். நொண்டி நொண்டி வந்து, "ஊரிலேருந்தே நடந்து வர்றோம்ணே, நல்ல காவடியாக் குடுங்க" என்பார்கள். மூத்த மகளைக் கட்டிய மருமகனும் அப்படித்தான் நடந்து வந்ததாகச் சொல்லி, சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டோடு தாலி கட்டியவன். அன்றிலிருந்து வீரமலைக்கு மனிதர்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. நேராகக் காலைத்தான் பார்ப்பார்.

"பொண்ணைத் தர்றேன்" என்றார். "ஆனா இந்தத் தைப்பூசத்துக்கு உங்க ஊரிலேருந்து பையன் நடந்தே வரணும். வண்டி வாகனம் எதிலயும் ஏறக் கூடாது. வந்து நின்னதும் காலைப் பார்ப்பேன். எனக்குத் திருப்தியா இருந்தா மறுநாளே முகூர்த்தம். இல்லையா, வந்த வழியைப் பார்த்துப் போயிடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கிடையாது."

வீரமலை எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று உங்களுக்குப் புரிகிறது. எனக்கும் புரிகிறது. அவ்வளவு தூரம் நடந்தவன் கால் வீங்கியிருக்கும். வீங்கியிருந்தால் பையன் யோக்கியன். ஆனால் லாரியில் திரும்பிய மேலச்சுரைக்குடி அதை வேறு மாதிரி யோசித்தது.

"மாடு பிடிக்கறப்போ பல்லைப் பார்க்கறது இல்லையா? அது மாதிரி இவர் காலைப் பார்க்கறாரு" என்றார் அடைக்கலம். வெள்ளைக்கண்ணுவின் தாய்மாமன் அவர். "கால் பூ மாதிரி இருக்கணும். ஒரு வடு, ஒரு வீக்கம் இருந்தாலும் பொண்ணு கிடையாது."

ஊர் முழுக்க ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து வெள்ளைக்கண்ணுவின் கால்களுக்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசினார்கள். கால் தேய்ந்துவிடக் கூடாதென்று அவனைத் தரையில் நடக்கவே விடவில்லை. நடைப்பயணம் கிளம்புகிற அன்றைக்குக்கூட ஊர் எல்லைவரை தூக்கிக்கொண்டு போய்த்தான் இறக்கினார்கள்.

துணைக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். வழி தெரிந்தவர் என்று அடைக்கலம். அவர் முன்பு ஒருமுறை பழனிக்கு நடந்தவர். வழியில் சமயபுரம் வந்துவிட்டதால் அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர். அடுத்தது பங்காளி உடையப்பன். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டான், பதிலைத்தான் கேட்கமாட்டான். மூன்றாவது கூட்டாளி கருத்தான். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று வெள்ளைக்கண்ணுவின் அம்மா ஒரு பித்தளைக் குடம் நிறைய முறுக்குச் சுட்டுக் கொடுத்திருந்தாள். அதைத் தலையில் சுமக்கிற பொறுப்பு கருத்தானுக்கு. சுமை குறையட்டும் என்று திருப்பத்தூர் தாண்டுவதற்குள் முறுக்கையெல்லாம் நான்கு பேரும் தின்று தீர்த்தார்கள். குடம் மட்டும் பத்திரமாக இருந்தது.

நத்தத்தை நெருங்குகிறபோது வெள்ளைக்கண்ணுவின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இத்தனை நாள் நடக்காமலே வைத்திருந்த கால் வேறு என்ன செய்யும்?

அவன் சாலையோரத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தான். பொன்னாத்தா முகம் ஞாபகம் வந்தது. அழுதேவிட்டான்.

"நாளன்னைக்குப் பூசம். இந்தக் காலை எப்படி மாமா அவர்கிட்டக் காட்டுறது? பொண்ணு இல்லைன்னு சொல்லிருவாரே!"

மற்ற மூன்று பேர் கால் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு யார் பெண் கொடுக்கக் காத்திருக்கிறார்கள்?

நத்தத்தில் நடந்து வருகிறவர்களுக்காக ஒரு மருத்துவப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே இருந்த நர்சம்மா நல்லவர். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க தம்பி, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். "காலை இதயத்தைவிட உயரமா வச்சுக்கங்க. இந்தக் கட்டுத்துணியைக் காலுக்குக் கீழேயிருந்து மேலே சுத்திக் கட்டுங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில காலை வைங்க, வீக்கமெல்லாம் தண்ணியோட போயிரும்." சொல்லிவிட்டு ஒரே ஒரு சுருள் கட்டுத்துணியைக் கையில் கொடுத்தார். பின்னால் பெரிய வரிசை நின்றது. பாவம், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அடைக்கலம் பொறுப்பைப் பிரித்தார். மூன்று யோசனை, மூன்று பேர். ஆளுக்கு ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. அடுத்தவன் யோசனையில் தலையிடக் கூடாது. முதல் யோசனையை அவரே எடுத்துக்கொண்டார்.

"காலு இதயத்துக்கு மேல இருக்கணும். ஆனா நடக்கவும் வேணும். பூசம் நமக்காக நிக்காது."

"இதயம் எந்தப் பக்கம் மாமா இருக்கு?" என்றான் உடையப்பன்.

"இடது பக்கம்."

"அப்ப இடது காலை மட்டும் தூக்கினாப் போதும். வலது காலுக்கு மேல என்ன இருக்கு? ஒண்ணுமில்லை."

"வலது கால் வீக்கம் எப்படிப் போகும்?"

"இடது காலைப் பார்த்துக் கத்துக்கும்."

இதை அடைக்கலம் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், இரண்டு காலையும் ஒன்றுபோலத்தான் வளர்த்தோம், இப்போது பாரபட்சம் பார்ப்பது பாவம் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக்கண்ணுவைத் தலைகீழாகத் திருப்பினார்கள். வலது காலை மாமன் பிடித்தார், இடது காலைப் பங்காளி பிடித்தான். கை இரண்டையும் தார்ச்சாலையில் ஊன்றி மாப்பிள்ளை பழனியை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கால் இதயத்துக்கு மேலே இருந்தது. பயணமும் நடந்தது. இதில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும் சொல்லுங்கள்?

பின்னால் வந்த பக்தர்கள் கூட்டம் இதைப் பார்த்து மிரண்டுவிட்டது. எத்தனையோ வேண்டுதல் பார்த்திருக்கிறோம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையே என்று "அரோகரா!" போட்டார்கள். ஓர் அம்மாள் ஓடிவந்து காலில் விழப் பார்த்தாள். கால் ஆகாயத்தில் இருந்ததால் விழ முடியவில்லை. எட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருவர் கால் கட்டைவிரலில் சாமந்தி மாலையை மாட்டினார். இன்னொருவர் உள்ளங்கால் இரண்டிலும் விபூதி பூசிவிட்டு, "சாமி, என் பையனுக்கு வேலை எப்பக் கிடைக்கும்?" என்று பாதத்தைப் பார்த்தே கேட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் திண்டுக்கல்வரை பேசிக்கொண்டே போனார்கள்.

ஒரு பாலம்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள், வெள்ளைக்கண்ணுவின் கை இரண்டும் வீங்கிவிட்டன. அடைக்கலம் இதை எதிர்பார்க்கவில்லை. இப்போது கையையும் இதயத்துக்கு மேலே தூக்க வேண்டும். கால் ஏற்கெனவே மேலே இருக்கிறது. நான்கையும் தூக்கினால் எதை வைத்து நடப்பது?

"தலை இருக்கே" என்றான் கருத்தான்.

வெள்ளைக்கண்ணு தலைகீழாகவே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

இப்போது உடையப்பன் முறை. கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு உடனே ஒரு சந்தேகம்.

"காலு ரெண்டு இருக்கு. துணி ஒண்ணுதான் குடுத்தாங்க. அந்தம்மா என்ன எண்ணத் தெரியாதவங்களா? அப்ப ரெண்டு காலையும் சேர்த்துத்தான் கட்டணும்."

இரண்டு காலையும் சேர்த்து வைத்து விரல் நுனியிலிருந்து சுற்றிக்கொண்டே போனான். முழங்காலுக்கு மேலே போனதும் துணி தீர்ந்துவிட்டது.

"கீழேயிருந்து மேலேன்னாங்களே, மேலேன்னா எதுவரைக்கும்?" என்றான்.

"தலைதான்டா மேல" என்றார் அடைக்கலம். "தொடைக்குப் போயி யாராவது மேலன்னு சொல்லுவாங்களா?"

"தலையைக் கட்டினா மூச்சு?"

"கழுத்தோட நிறுத்து. மாமனாரு மூச்சைப் பார்க்க மாட்டாரு, இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்."

அடைக்கலத்தின் துண்டு, கருத்தானின் துண்டு, மாற்றுக்கு வைத்திருந்த வேட்டிகள் எல்லாம் சேர்ந்தன. முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுக் கழுத்துவரை சுற்றி முடித்தபோது வெள்ளைக்கண்ணு பண்டல் கட்டிய துணிபோல் இருந்தான். அவனை நிமிர்த்தி நிறுத்தி, "நட" என்றார்கள். அவன் ஒரு குதி குதித்தான். அப்படியே குப்புற விழுந்தான்.

"அவுத்துருவமா?" என்றான் கருத்தான்.

உடையப்பனுக்கு வந்ததே கோபம். "கட்டச் சொன்னாங்க. அவுக்கச் சொன்னாங்களா? என் யோசனையில நீ தலையிடாத!"

பக்கத்துத் தோப்பில் ஒரு மூங்கில் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையை அதில் நீளவாக்கில் கட்டித் தோளில் தூக்கினார்கள். நாலடி வைப்பதற்குள் அடைக்கலம் நின்றுவிட்டார்.

"வண்டி வாகனத்துல ஏறக் கூடாதுன்னு சொன்னாரே. இது வாகனமா இல்லையா?"

"சக்கரம் இருந்தாத்தான் வாகனம்" என்றான் கருத்தான்.

"முருகனுக்கு மயிலு வாகனம். அதுக்குச் சக்கரமா இருக்கு?"

மூங்கிலைக் கீழே வைத்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திண்டுக்கல் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. வெள்ளைக்கண்ணு வெயிலில் கிடந்தான்.

கடைசியில் உடையப்பன்தான் முடிச்சை அவிழ்த்தான். அவன் கட்டிய முடிச்சை அல்ல, இந்தச் சிக்கலை. "மயிலு பறக்கும். நாம பறக்கலை. அதனால நாம வாகனம் இல்லை."

நிம்மதியாகத் தூக்கினார்கள். அதிலிருந்து வெள்ளைக்கண்ணு கால் தரையில் படவே இல்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, திண்டுக்கல்லைத் தாண்டி, மறுநாள் மத்தியானம் ஒட்டன்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். காவடி என்று நினைத்தார்களா, வேறு எதுவும் நினைத்தார்களா தெரியவில்லை. ஒருவர் மட்டும், "எந்த ஊருங்க, எத்தனை வயசு?" என்று வருத்தமாக விசாரித்தார்.

ஒட்டன்சத்திரத்தில் அன்னதானப் பந்தல் ஒன்று இருந்தது. கருத்தானின் உப்புத் தண்ணீர் யோசனைக்கு நேரம் வந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் ஓர் அண்டாவில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்திலேயே உப்பு மூட்டை. இதைவிடச் சாமி என்ன செய்துவிட முடியும்? இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு, கட்டுகளோடு மாப்பிள்ளையைத் தூக்கி அண்டாவுக்குள் நட்டு வைத்தான்.

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். அண்டாவுக்குள் கழுத்துவரை துணி சுற்றிய ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தார்.

"யோவ்! அது ரசத்துக்கு வச்ச தண்ணிய்யா!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றான் கருத்தான். "உப்பு நாங்களே போட்டுட்டோம்."

சமையல்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நேரம் வாங்கினார்கள். பிறகு ஈரக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால், வீக்கம் இல்லை! கணுக்கால் வெளியே வந்திருந்தது. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒருநாள் முழுக்கத் தரையில் படாமல் மூங்கிலில் வந்த கால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கே சொல்ல ஆளில்லை.

"தண்ணியோட போயிரும்னாங்க, போயிருச்சு!" கருத்தான் குதித்தான். வெள்ளைக்கண்ணு தன் காலைத் தானே தொட்டுப் பார்த்து, ஆனந்தத்தில் தேம்பித் தேம்பி அழுதான். பொன்னாத்தா கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தான்.

சமையல்காரர் அண்டாவைக் கவிழ்க்க வந்தார். கருத்தான் பாய்ந்து தடுத்தான்.

"இதைக் கீழ ஊத்தாதீங்க! ரெண்டு கால் வீக்கமும் இதுக்குள்ளதான் இருக்கு. வழியில ஊத்தினா, மிதிக்கிறவன் காலெல்லாம் வீங்கிரும்."

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். புளியமரத்தடியில் ஊற்றலாமா? மரம் வீங்கிச் சாலையை அடைத்துக்கொண்டால் பஸ் எப்படிப் போகும்? குளத்தில் ஊற்றலாமா? ஒட்டன்சத்திரமே வீங்கிப் போகும். அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்துப் பழக்கமில்லாதவர்கள் அவர்கள். அண்டாவில் இருந்ததை முடிந்த மட்டும் பித்தளைக் குடத்தில் மொண்டு நிரப்பினார்கள். பழனிக்குப் போய்ப் பெரியவர் வீரமலையிடமே கேட்டு, தோதான இடத்தில் ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கொஞ்சம் அலம்பியதில் ஒரு சொட்டு கருத்தான் மேல் விழுந்தது. அவன் நடுங்கிப்போய்க் குடத்தின் வாயை வாழையிலை போட்டு மூடினான்.

இந்தக் காலை இனிமேல் வீங்கவிடக் கூடாதென்று, பழனிவரை வெள்ளைக்கண்ணுவை மறுபடி தூக்கிக்கொண்டே போனார்கள். ஊரின் முகப்பில் இறக்கி, காலைக் கழுவித் துடைத்து, மஞ்சள் பூசி, நகத்தில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள்.

பூசத்தன்று மத்தியானம். கடை வாசலில் நாற்காலி போட்டு வீரமலை உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பொன்னாத்தா கதவோரம் நின்றாள். வெள்ளைக்கண்ணு வந்து வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காலை முன்னால் நீட்டினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வீரமலை குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பஸ்ல வந்திருக்கான்."

"மாமா!"

"இது நடந்து வந்த காலா? நேத்துப் பொறந்த குழந்தை காலு மாதிரி இருக்கு! இதே வாசல்ல ஒருத்தன் என்னை ஏமாத்தினான். மறுபடியும் ஏமாற நான் ஆளில்லை. போங்கப்பா, போங்க. வீக்கமில்லாத காலுக்கு என் பொண்ணு கிடையாது."

அப்போதுதான் அவர்களுக்கு விஷயமே விளங்கியது. வெள்ளைக்கண்ணு கதவோரம் பார்த்தான். பொன்னாத்தாவின் கண் நிறைந்திருந்தது. அந்த இடத்தில் சிரிக்க எனக்கும் மனசு வரவில்லை.

"வீங்கியிருந்துச்சு மாமா!" என்று கத்தினான். "இந்தா இவ்வளவு! நெசமா வீங்கியிருந்துச்சு!"

"அப்ப எங்கே அது?"

"தண்ணியோட போயிருச்சு."

"தண்ணி எங்கே?"

கருத்தான் முன்னால் வந்து குடத்தை இறக்கி வைத்தான். வாழையிலையை மெதுவாக விலக்கினான். "இந்தா இருக்கு. ரெண்டு கால் வீக்கமும். வழியில ஒரு சொட்டுத்தான் சிந்துச்சு."

இந்த இடத்தில் வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் குடத்தைத் தூக்கி இவர்கள் தலையில் கவிழ்த்திருப்பான். வீரமலை அப்படிச் செய்யவில்லை. மேலச்சுரைக்குடிக்குச் சம்பந்தியாகிற தகுதி அவருக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது இவன் வீக்கம்தான்னு என்ன நிச்சயம்? வழியில எவனோ ஒருத்தன் வீக்கத்தை வாங்கிட்டு வந்திருந்தா?"

நியாயமான கேள்வி. சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள்.

அடைக்கலம் தொண்டையைச் செருமினார். "உங்க முன்னாலயே காலைத் திரும்ப உள்ள விடச் சொல்றேன். இவனோடதா இருந்தா ஏறிக்கும். அடுத்தவனோடதுன்னா ஏறாது."

குடத்தின் கழுத்துக் குறுகல். வெள்ளைக்கண்ணு வலது கால் விரல்களைக் குவித்து, குதிகாலைத் திருகி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். எண்ணெய் பூசிய கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. தண்ணீர் கொஞ்சம் வழிந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இப்ப வெளிய எடு" என்றார் வீரமலை.

இழுத்தான். வரவில்லை. முக்கினான். வரவில்லை. அடைக்கலம் தோளைப் பிடித்தார், உடையப்பனும் கருத்தானும் குடத்தைப் பிடித்து இழுத்தார்கள். வீரமலையே எழுந்து வந்து இழுத்தார். கால் வருவதாக இல்லை.

வீரமலையின் முகம் மலர்ந்தது. "உள்ள போன காலு வெளிய வரலைன்னா என்ன அர்த்தம்? வீங்கிருச்சுன்னு அர்த்தம்! அவனோட வீக்கம்தான்!"

"ரெண்டு கால் வீக்கமும் ஒரே காலுல ஏறியிருக்கு" என்று உடையப்பன் விளக்கினான். "அதான் இவ்வளவு இறுக்கம்."

"மாப்ளே!" என்று வீரமலை வெள்ளைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டார். "உன்னைச் சந்தேகப்பட்டுட்டனே!"

மறுநாள் காலையில் முகூர்த்தம் குறித்தபடி நடந்தது. குடத்தை வெட்டி எடுக்கப் பாத்திரக் கடைக்காரர் தயாராக இருந்தார். வெட்டினால் வீக்கம் கல்யாண வீட்டுக்குள் கொட்டிப்போகும் என்று வீரமலை சம்மதிக்கவில்லை. வெள்ளைக்கண்ணு குடத்தோடுதான் மணமேடை ஏறினான். "டங்" என்று ஓர் அடி, சத்தமில்லாமல் ஓர் அடி என்று அக்கினியைச் சுற்றி வந்தான். தவில்காரர் முதலில் திணறினார். அப்புறம் அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டார். தாலி கட்டியாயிற்று. வெள்ளைக்கண்ணுவின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஒரு காலில் குடம் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

பொன்னாத்தாவுக்கு மறக்கவில்லை. "இந்தக் குடத்தோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்று கேட்டாள்.

அடைக்கலத்துக்கு நர்சம்மா சொன்ன முதல் யோசனை ஞாபகம் வந்தது. அது அவருடைய யோசனை அல்லவா? "காலை இதயத்துக்கு மேல தூக்குங்க!" என்றார்.

மாப்பிள்ளையைப் பாயில் படுக்க வைத்தார்கள். அடைக்கலமும் உடையப்பனும் கருத்தானும் சேர்ந்து குடத்தோடு காலை உயரத் தூக்கினார்கள். குடம் கவிழ்ந்தது. உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க மூன்று பேர் மேலும் கொட்டியது. கால் நேராக நின்றதாலோ, எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்ததாலோ, குடம் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கல்யாணக் கூட்டம் கைதட்டியது.

அப்போது கருத்தான் குனிந்து பார்த்தான்.

"ஐயோ மாமா! என் காலைப் பாருங்க!"

பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. அடைக்கலம் தன் காலைப் பார்த்தார். உடையப்பனும் பார்த்தான். மூன்று பேர் காலிலும் கணுக்கால் என்று ஒன்றே இல்லை. நத்தத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. மூங்கிலைச் சுமந்து நடந்ததில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர்கள் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் குனிந்து பார்க்கிறார்கள்.

"வீக்கம் நம்ம மேல ஏறிருச்சு!" மூன்று பேரும் அலறினார்கள்.

வீரமலை அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேர் காலையும் அழுத்திப் பார்த்தார். பிறகு பாயில் கிடந்த மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். அது மஞ்சள் பூசிப் பளபளவென்று பூ மாதிரி இருந்தது. அவருக்கு முகம் வெளிறிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"மறுபடியும் ஏமாந்துட்டேனே! மூணு பேரும் நடந்து வந்திருக்காங்க. மாப்பிள்ளை மட்டும் பஸ்ல வந்திருக்கான்!"

சொந்தக்காரர்களால் அவரைத் தேற்ற முடியவில்லை. கட்டிய தாலியை என்ன செய்வது? மாமனார் அழுவதைப் பார்க்க வெள்ளைக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று மாலையைச் சரி செய்துகொண்டான்.

"அழாதீங்க மாமா. இப்பவே கிளம்பி ஊருக்கு நடந்து போயி, அங்கேருந்து மறுபடி நடந்தே வர்றேன். வீக்கத்தோட வந்து நிக்கிறேன். அதுவரைக்கும் பொன்னாத்தா இங்கேயே இருக்கட்டும்."

வீரமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். மூன்று பேரும் துணைக்குக் கிளம்ப முடியாத நிலை. காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். பொன்னாத்தா வாசல்வரை வந்தாள். புருஷனுக்கு வெல்லமும் பொரியும் முடிந்து கொடுத்தாள். பெருமூச்சு விட்டு ஒரே ஒரு புத்தி சொன்னாள்.

"வழியில அந்த நர்சம்மாவை மட்டும் பார்த்துராதீங்க."

கட்டிய மனைவி கேட்ட முதல் வரம். வெள்ளைக்கண்ணு அதைத் தட்டுவானா? நத்தத்தில் கொடுத்த கட்டுத்துணி இடுப்பில் இருந்தது. எடுத்துக் கண் இரண்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். வாசல்படியில் தடவி இறங்கி, மனசு முழுக்கப் பொன்னாத்தாவை நினைத்தபடி நேராக நடக்க ஆரம்பித்தான்.

நேராகப் போனால் பழனி பஸ் ஸ்டாண்டு.